மார்பெலும்புக்குப் பின்னால் – 7: மூன்றாம் நாள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டிச் சாலையில் நெல்லிக்குப்பம் பக்கம் போனால் கரும்புத் தோட்டங்கள். கரும்பு இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் நல்ல பாம்பும் இருக்கும். ராத்திரி மோட்டார் போடப் போன ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடிவாயில் வலி, வீக்கம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று தொடங்கும். கண் இமை கனத்துச் சொருகும். எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிவார். நாக்கு குழறும். எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சை இழுக்கும் தசையும் ஓய்ந்துவிடும்.

தூக்கி வருகிறவர்கள், “தூங்க விடாதே, எழுப்பு” என்று வழியெல்லாம் கன்னத்தில் தட்டிக்கொண்டே வருவார்கள். அவர் தூங்கவில்லை. நினைவு முழுதாக இருக்கிறது. இமையைத் தூக்கும் தசைக்கு மூளையின் உத்தரவு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். நல்ல பாம்பின் நஞ்சு அந்த ஏற்பிகளை முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. அதனால்தான் மருத்துவர் விஷமுறிவு மருந்தோடு அட்ரோபினும் நியோஸ்டிக்மினும் போடுகிறார். நியோஸ்டிக்மின், சுரந்த அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் நிறுத்திவைக்கும். மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்காவது உத்தரவு கேட்கும். இமை மெல்லத் திறக்கும்.

அதே சாலையில் இன்னொரு வீடு. இருபத்தைந்து வயதுப் பெண். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது ஒரு குறையும் இல்லை. மத்தியானம் தாண்டினால் இடது இமை தாழ ஆரம்பிக்கிறது. சாயங்காலம் பஸ்ஸின் பெயர்ப்பலகை இரண்டாகத் தெரிகிறது. ராத்திரிச் சாப்பாட்டில் முதல் நாலு வாய் ஒழுங்காக இறங்குகிறது. பிறகு மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்கிறாள். தூங்கி எழுந்தால் மறுபடி சரி. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறார்கள். வேலைக்குச் சோம்பல் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. ஆஸ்பத்திரியில் நியோஸ்டிக்மின் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் இமை மேலே ஏறுகிறது.

பாம்புக் கடிக்குப் போட்ட அதே ஊசி. ஆனால் இவளை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை.

நஞ்சு வெளியிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்து வந்தது?

வெளிக்காயம் எதுவும் இல்லாமல் உள்ளிருந்தே எழும் வேதனை திருப்பாதிரிப்புலியூருக்குப் புதிதல்ல. இந்த ஊர்ச் சமணப் பள்ளியில் தருமசேனராக உயர்ந்திருந்த மருணீக்கியாரைச் சூலை நோய் பற்றியதையும், உடனிருந்தவர்களின் மணி மந்திரம் ஒன்றும் பலிக்காமல் அவர் திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் போய்ச் சேர்ந்ததையும் சேக்கிழார் பாடியிருக்கிறார். பிறகு சைவத்துக்குத் திரும்பிய அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியதும், அவர் கரை ஏறியது இதே ஊர்ப் பக்கம்தான் என்பதும் பெரியபுராணக் கதை. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயர் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை தம்மவர் என்று தலைமேல் வைத்திருந்த ஒருவரை இன்று அயலார் என்று கண்டு அழிக்கப் பார்ப்பது ஊருக்குள் மட்டும் நடப்பதில்லை. நம் ரத்தத்துக்குள்ளும் நடக்கும்.

அந்தப் பெண்ணின் நோய்க்குப் பெயர் மையாஸ்தீனியா கிரேவிஸ். 1934-ல் லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபேஜ் மருத்துவமனையில் பணியில் இருந்த மேரி வாக்கர் என்ற மருத்துவர் இந்த நோயாளிகளைப் பார்த்து, தென்னமெரிக்க வேடர்கள் அம்பில் தடவும் குராரே நஞ்சு ஏறியவர்களைப் போலவே இருக்கிறார்களே என்று யோசித்தார். குராரேவுக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினைப் போட்டுப் பார்த்தார். விழுந்த இமை ஏறியது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி விழுந்தது. அடுத்த ஆண்டு நியோஸ்டிக்மின் வந்தது. பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று உற்றுப் பார்த்ததில் கிடைத்த மருத்துவம் அது. நோய்க்குக் காரணம் என்ன என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

காரணத்தைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு பாம்புதான். தைவானில் திரியும் ஒரு வகைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதம், அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் விடாது. அந்தப் புரதத்தில் கதிரியக்க அடையாளம் ஏற்றித் தசையின் மேல் விட்டால், எத்தனை ஏற்பிகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். 1973-ல் ஃபேம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூவரும் அமெரிக்காவில் எண்ணினார்கள். மையாஸ்தீனியா நோயாளிகளின் தசையில் இருக்க வேண்டிய ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கு மீனின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அந்த அயல் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரித்தது. அந்த எதிர்ப்பொருள் முயலின் சொந்த ஏற்பிகளையும் தாக்கியது. கழுத்தைத் தூக்க முடியாமல் முயல்கள் துவண்டு விழுந்தன. நியோஸ்டிக்மின் வகை மருந்தைப் போட்டதும் எழுந்து நின்றன.

ஆக, அந்தப் பெண்ணின் ஏற்பிகளை அழித்துக்கொண்டிருப்பது அவளுடைய நோய் எதிர்ப்பு சக்தியே.

இதில் மருத்துவர்களை ரொம்ப காலம் குழப்பிய ஒரு பழைய தடயம் இருக்கிறது. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கார்ல் வைகர்ட் இந்த நோயில் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது மூளை சரியாக இருந்தது; நரம்பு சரியாக இருந்தது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே ஒரு கட்டி இருந்தது. 1936-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் இந்த நோய் கொண்ட ஓர் இளம்பெண்ணின் நெஞ்சைத் திறந்து அதே இடத்துக் கட்டியை எடுத்தார். அவள் தேறினாள்.

கண் இமைக்கும் மார்புக்குள் இருக்கும் ஒரு சதைத் துண்டுக்கும் என்ன உறவு?

*

அந்தச் சதைத் துண்டுதான் தைமஸ். இந்தத் தொடரில் எலும்பு மஜ்ஜையையும் மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் பார்த்துவிட்டு இவ்வளவு தாமதமாக இதனிடம் வருவதற்குக் காரணம், மருத்துவமும் இதனிடம் அப்படித்தான் வந்தது. அதற்கு முன் இதைக் கொலைகாரன் என்று முத்திரை குத்தி, பச்சைக் குழந்தைகளைப் பலி கொடுத்தது. அந்தப் பகுதியை எழுதாமல் மேலே போக எனக்கு மனம் இல்லை.

தொட்டிலில் நன்றாகத் தூங்கிய குழந்தை காலையில் இறந்து கிடக்கும். அறுத்துப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியாது, ஒன்றைத் தவிர: தைமஸ் பெரிதாக இருக்கிறது. மூச்சுக்குழலை அது நெரித்துவிட்டது என்றார்கள். 1889-ல் வியன்னாவில் பால்டாஃப் என்பவர் இதற்கு நீளமாக ஒரு நோய்ப் பெயரே வைத்தார். தைமஸ் பெருத்த குழந்தைகள் எந்த நேரமும் சாகக்கூடியவை என்று பாடப்புத்தகங்கள் எழுதின. 1907-ல் சின்சினாட்டியில் ஒரு குழந்தையின் மார்பில் எக்ஸ்-ரே பாய்ச்சினார்கள். தைமஸ் சுருங்கியது. வெற்றி! அடுத்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் கதிர்வீச்சு பாய்ந்தது. அவற்றில் எத்தனையோ குழந்தைகளுக்கு எந்த நோயும் இல்லை, முன்னெச்சரிக்கையாகவே கதிர் காட்டினார்கள்.

தைமஸ் உண்மையில் பெரிதாகத்தான் இருந்ததா? பெரிது என்றால் எதோடு ஒப்பிட்டு?

உடற்கூறு மேசைக்கு வந்த உடல்கள் யாருடையவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். இங்கிலாந்தில் 1832-ன் உடற்கூறுச் சட்டம், யாரும் உரிமை கோராத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தது. அவை ஏழை விடுதிகளிலும் தரும ஆஸ்பத்திரிகளிலும் பட்டினியாலும் நீண்ட நோயாலும் நைந்து இறந்தவர்களின் உடல்கள். பசி, காய்ச்சல், நீடித்த வேதனை எது வந்தாலும் முதலில் வற்றுவது தைமஸ்தான். வற்றிப்போன ஏழையின் தைமஸை அளந்து, இதுதான் இயல்பு என்று எழுதிவைத்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து திடீரென்று இறந்த குழந்தையின் தைமஸ் அதன் பக்கத்தில் பூதாகரமாகத் தெரிந்தது. ஏழைக் குழந்தையின் பசி ஒரு அளவுகோலாகி, வசதியான வீட்டுக் குழந்தையின் தொண்டையில் கதிர்வீச்சாகப் பாய்ந்தது.

1950-ல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இருவர் நியூயார்க்கில் தைராய்டு புற்றுநோய் வந்த 28 குழந்தைகளின் பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸுக்காகக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டிருந்தது.

கொலைப் பழி நீங்கியது. ஆனால் அடுத்த முத்திரை தயாராக இருந்தது: உதவாக்கரை. பருவ வயது வரை வளர்ந்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக் கொழுப்பாகிவிடும் உறுப்பு என்ன வேலை செய்துவிடப் போகிறது? சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலோ வேறு எந்தக் கல்லூரியிலோ முதலாண்டு மாணவர் மார்பைத் திறந்து பார்க்கும்போது, முதியவரின் உடலில் தைமஸ் இருந்த இடத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கொழுப்புதான் கையில் அகப்படும். அதை விலக்கிவிட்டு இதயத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் கொழுப்பையும் லேசில் விலக்கிவிட முடியாது என்று 2023-ல்தான் தெரிந்தது. பாஸ்டனில், மார்பு அறுவையின்போது தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம். அதே போன்ற அறுவை நடந்து தைமஸ் எடுக்கப்படாதவர்களில் 2.8 சதவீதம்.

1961-ல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தைமஸுக்குள் நெருங்கிக் கிடக்கும் லட்சோப லட்சம் வெள்ளணுக்களை, பரிணாமத்தில் நேர்ந்த ஒரு தற்செயல் என்றே நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் கருதினார். லண்டனுக்கு வெளியே, குதிரை லாயமாக இருந்து ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்ட கட்டடம் ஒன்றில், முப்பது வயது ஜாக் மில்லர் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சுண்டெலிக் குட்டிகளின் நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தார்.

*

மில்லர் தைமஸைப் பற்றி ஆராய வந்தவர் அல்ல. சுண்டெலிகளுக்கு வைரஸால் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய் தைமஸில் தொடங்குகிறது. பிறந்த உடனே தைமஸை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்தார். கட்டைவிரல் நகத்தளவு மார்பில் செய்யும் அறுவை. குட்டிகள் பிழைத்தன, பால் குடித்தன. தாயிடமிருந்து பிரித்தபின் ஒவ்வொன்றாக மெலிந்து, வயிற்றுப்போக்கு கண்டு, செத்தன. புற்றுநோய் வைரஸ் கொடுக்கப்படாத குட்டிகளும் செத்தன.

ரத்தத்தைப் பார்த்தார். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மிகக் குறைவு. வேறு இனச் சுண்டெலியின் தோலை எடுத்து ஒட்டினார். சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் அது கறுத்து உதிர்ந்துவிட வேண்டும். உதிரவில்லை, மயிர் முளைத்தது. வேறு விலங்கினமான எலியின் தோலை ஒட்டினார். அதையும் அந்த உடம்பு ஏற்றுக்கொண்டது. அயலாரை அயலார் என்று கண்டுகொள்ளும் திறனே அங்கே இல்லை.

1961 செப்டம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்த அந்தச் சிறிய கட்டுரையோடு, மனித உடலில் ‘என்ன வேலை’ என்று தெரியாமல் கிடந்த கடைசிப் பெரிய உறுப்புக்கும் வேலை தெரிந்தது. தைமஸிலிருந்து வரும் வெள்ளணுக்களுக்கு அதன் முதலெழுத்தால் டி செல் என்று பின்னர் பெயர் வந்தது. மில்லருக்கு 2019-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் கொடுக்கவில்லை. அது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் தைமஸ் படைவீரர்களை உருவாக்கும் இடம் என்று முடித்துவிடலாமா? அந்தக் காலத்தில் பலரும் முடித்துவிட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் இடித்தது. அங்கே பிறப்பைவிடச் சாவுதான் அதிகம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்தில் மிதந்து வரும் இளம் செல் இன்னும் என்னவாகப் போகிறோம் என்று தீர்மானிக்காத செல். தைமஸின் புறப்பகுதியில் இருக்கும் மேல்படலச் செல்கள் அதைத் தொட்டு ஒரு சமிக்ஞை கொடுத்த பிறகுதான் அது டி செல் ஆகும் பாதையில் இறங்குகிறது. பிறகு அது செய்கிற காரியம் உடலின் வேறு செல்கள் அநேகமாகச் செய்யத் துணியாதது: தன் மரபணுவின் சில பகுதிகளைத் தானே வெட்டி, தன்னிச்சையாகக் கலைத்து ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு மாதிரி ஒட்டுகிறது. அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவத்தில் ஓர் ஏற்பி முளைக்கிறது. இனிமேல் வரப்போகும், இதுவரை உலகம் காணாத கிருமியைக்கூட அடையாளம் காண ஏதாவது ஒரு செல்லிடம் ஏற்பி இருக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. குருட்டாம்போக்கில் செய்த ஏற்பிகளில் சில, நம் கணையத்தையும் கண்ணையும் தசையையும் பகையாகப் பிடித்துக்கொள்ளும்.

எனவே இரண்டு கட்டமாகத் தேர்வு நடக்கிறது. புறப்பகுதியில், உடலின் சொந்தச் செல்கள் காட்டும் புரதத் துணுக்கைக் கொஞ்சமும் உணர முடியாத செல் கவனிப்பாரின்றிச் சாகிறது. தேறியது உள்பகுதிக்குப் போகிறது. அங்கே சொந்தப் புரதத்தை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும் செல் கொல்லப்படுகிறது. நூறு செல் உள்ளே வந்தால் வெளியே போவது ஐந்துகூட இல்லை. செத்ததை விழுங்கவே அங்கே தனிச் செல்கள் உண்டு. 1987-ல் டென்வரில் ஜான் கேப்ளரும் அவர் மனைவி ஃபிலிப்பா மேரக்கும், இப்படிக் களையெடுப்பு நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி நிரூபித்தார்கள்.

சரி. ஒரு சந்தேகம் வர வேண்டுமே! இன்சுலின் கணையத்தில் சுரப்பது. விழித்திரைப் புரதம் கண்ணில் இருப்பது. தைமஸோ மார்புக்குள் இருக்கிறது. கணையத்தைத் தாக்கக்கூடிய செல்லை, கணையத்தையே பார்க்காமல் தைமஸ் எப்படிக் கண்டுபிடித்துக் கொல்கிறது?

தைமஸுக்குள் இன்சுலின் இருப்பதாகச் சிலர் எழுதியபோது, சோதனையில் ஏதோ கலப்படம் என்று பலர் ஒதுக்கினார்கள். விடை ஃபின்லாந்திலிருந்து வந்தது. அங்கே சுமார் 25,000 பேரில் ஒருவருக்கு வரும் ஒரு பரம்பரை நோயில், ஒரே குழந்தையின் பாராதைராய்டு, அட்ரினல் என்று சுரப்பி சுரப்பியாக உடம்பே அழிக்கும். 1997-ல் அந்த நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து ‘ஏர்’ என்று பெயரிட்டார்கள். அது பெருமளவு வேலை செய்யும் இடம் தைமஸின் உள்பகுதி. 2002-ல் டயான் மாத்தீஸ், கிறிஸ்டோஃப் பென்வா குழுவினர் அதன் வேலையைக் கண்டார்கள். ஏர், தைமஸ் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. மார்பெலும்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு செல் இன்சுலினையும் தைராய்டு புரதத்தையும் கண்ணின் புரதத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தயாரித்து, இளம் டி செல்களுக்கு முன்னால் நீட்டுகிறது. 2022-ல் மாத்தீஸ் குழு இன்னும் ஒன்றைச் சொன்னது: அங்கே தசை போலவே வேடமிட்ட செல், குடல் போன்ற செல், தோல் போன்ற செல் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. தசை போன்ற செல்லை 1888-லேயே சிக்மண்ட் மேயர் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். தைமஸில் தசைக்கு என்ன வேலை என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்தத் தசை போன்ற செல்களின் மேல் அசிட்டைல்கோலின் ஏற்பி இருக்கிறது.

இப்போது நெல்லிக்குப்பத்துப் பெண்ணின் நோயைப் பாருங்கள். இந்த வயதில் மையாஸ்தீனியா வருபவர்களின் தைமஸை எடுத்து அறுத்தால், பலரிடம் இருக்கக் கூடாத ஒன்று இருக்கும்: எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களின் கூட்டங்கள். ஏற்பியைத் தாக்காதே என்று சொல்லிக்கொடுக்க வைத்திருந்த இடத்திலேயே, அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் உற்பத்தியாகிறது. கண் இமைக்கும் தைமஸுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்குப் பல ஆண்டு கழித்துக் கிடைத்த விளக்கம் இது. தைமஸை எடுத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்பதை 126 நோயாளிகளை மூன்று ஆண்டு கவனித்து 2016-ல் உறுதி செய்தார்கள். எடுத்தவர்களுக்குத் தசைத் தளர்ச்சியும் குறைந்தது. ஸ்டீராய்டு மாத்திரையின் அளவும் குறைந்தது.

வழக்கு முடிந்ததுபோல் தெரிகிறது. முடியவில்லை. எவ்வளவு கறாராகக் களையெடுத்தாலும் சில செல்கள் தப்பிவிடுகின்றன. எந்த நோயும் இல்லாத உங்கள் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாலும், உங்களையே தாக்கக்கூடிய டி செல்கள் அதில் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் படிக்கிற இந்த நிமிஷமும் ஓடுகின்றன.

பிறகு ஏன் நாம் எல்லோரும் நோயாளியாகவில்லை? அவற்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது யார்?

*

இந்தக் கேள்விக்கு விடை, கேள்வி எழுவதற்கு முன்பே ஜப்பானில் கிடைத்திருந்தது. கிடைத்தவர்களுக்கே அது விடை என்று தெரியவில்லை.

1969. நாகோயா நகரில் அய்ச்சி புற்றுநோய் மையம். யசுவாக்கி நிஷிசூக்கா, தெருயோ சக்ககூரா என்ற இருவரும் மில்லர் செய்ததையே சுண்டெலிகளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: பிறந்த அன்று எடுக்காமல் மூன்றாம் நாள் தைமஸை எடுத்தார்கள். குட்டிகள் மெலிந்து சாகவில்லை, வளர்ந்தன. பெண் எலிகள் பெரியவையானபோது வயிற்றைத் திறந்தால் சூலகம் இல்லை. இருந்த இடத்தில் சுருங்கிய ஒரு தழும்பு. தைமஸ் ஏதோ ஹார்மோன் சுரக்கிறது, அது இல்லாமல் சூலகம் வளரவில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். பிறகு வேறு இனச் சுண்டெலிகளில் தைராய்டு அழிந்தது. இரைப்பையின் உட்சுவர் அழிந்தது. அழித்தது அந்த எலிகளின் சொந்த டி செல்களே.

நோய் எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும் உறுப்பை எடுத்தால் எதிர்ப்பு குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. அதுவும் மூன்றாம் நாளை ஒட்டி எடுத்தால் மட்டும். பிறந்த அன்றே எடுத்தால் சூலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் நாள் எடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் தைமஸிலிருந்து ஏதோ வெளியே போகிறது. போக விட்டால் உடம்பு தப்பிக்கிறது. வழியை அடைத்தால், முன்னமே வெளியே வந்துவிட்ட டி செல்கள் சொந்த வீட்டையே கொளுத்துகின்றன.

நிஷிசூக்கா, சக்ககூரா இருவரின் கட்டுரையை, கியோட்டோவில் மருத்துவம் முடித்த ஷிமோன் சக்காகுச்சி என்ற இளைஞர் படித்தார். பட்டமேற்படிப்பை விட்டுவிட்டு நாகோயாவுக்குப் போய் நிஷிசூக்காவிடம் சேர்ந்துகொண்டார். அவர் செய்த சோதனையைச் சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். மூன்றாம் நாள் தைமஸ் எடுத்த குட்டிகளுக்கு, ஆரோக்கியமான சுண்டெலியின் டி செல்களை ஊசி வழியாகச் செலுத்தினார். சூலகம் பிழைத்தது. ஆரோக்கியமான உடம்பில் ஓடும் டி செல்களுக்குள்ளேயே மற்ற டி செல்களைத் தடுத்து நிறுத்தும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று 1982-ல் எழுதினார். அந்தக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் காட்ட அவரிடம் எந்த அடையாளமும் இல்லை. நுண்ணோக்கியில் எல்லா டி செல்லும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் கெர்ஷன் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய படையே ‘அடக்கும் டி செல்’ பற்றி எழுதிக் குவித்திருந்தது. அந்தச் செல்களுக்கு அடையாளமாக ஐ-ஜே என்ற மரபணுவையும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். 1983-ல், அந்த இடத்து மரபணுச் சரத்தை முழுக்கப் படித்துப் பார்த்தபோது ஐ-ஜே அங்கே இல்லை. அப்படி ஒரு மரபணுவுக்கு இடமே இல்லை. துறையே தலைகுனிந்தது. அடக்கும் டி செல் என்று வாய் திறந்தவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைப்பது அரிதாயிற்று. பெரிய பெரிய ஆய்வாளர்கள் அந்த வேலையை மூட்டை கட்டிவைத்தார்கள்.

சக்காகுச்சி கட்டவில்லை. யாருடைய மரபணு பொய்த்துப் போனாலும், அவர் கண் முன்னால் அந்த எலிகளின் சூலகம் பிழைத்திருக்கிறதே! செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதை வைத்துப் பிரிக்கலாமா, அதை வைத்துப் பிரிக்கலாமா என்று பத்து ஆண்டுக்கு மேல் தேடினார்.

அவர் தேடிக்கொண்டிருந்ததற்கு விடை பசிஃபிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்ற ஊர். அணுகுண்டுக்கு யுரேனியம் பிரித்த இடம். கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று அறிய அங்கே சுண்டெலிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார்கள். 1949-ல், கதிர்வீச்சு எதுவும் படாத ஒரு கூட்டத்தில் விசித்திரமான குட்டிகள் பிறந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரல் வீங்கியது, நிணநீர்க் கணுக்கள் வீங்கின. சில வாரங்களில் செத்தன. செத்ததெல்லாம் ஆண் குட்டிகள். உடன் பிறந்த பெண் குட்டிகளுக்கு ஒன்றும் இல்லை.

பின்னாளில் அந்த ஆண் குட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உறுப்புகளை அவற்றின் சொந்த டி செல்களே அழிக்கின்றன என்று கண்டார்கள். நாகோயாவில் மூன்றாம் நாள் அறுவை செய்த எலிகளில் நடந்த அதே அழிவு.

ஆனால் இந்தக் குட்டிகளின் நெஞ்சை யாரும் திறக்கவில்லை. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் பத்திரமாக இருந்தது.

(தொடரும்)